தபித்தாளின் இடது கை

கன்னியம்மாவின் அம்மிக்கல் சத்தமில்லாமல் அரைக்கத் தொடங்கியபோது தங்கவயல் சுரங்கத் தொழிலாளர்களின் லைன் வீடுகளில் யாரும் அதிர்ந்துபோகவில்லை, அந்தச் சத்தம் எங்கே போயிருக்கும் என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது. குழவி முன்னும் பின்னும் போய்வந்தது, மிளகாய் நசுங்கியது, தேங்காய் விழுதானது, கல்லின் மேல் கல் உரசும் கரகரப்பு மட்டும் இல்லை. கன்னியம்மா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு அடுத்த வாசலில் போய் நின்றாள்.

"யம்மே தபித்தா, என் அம்மிய எடுத்துக்கினியா?"

உள்ளே சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்த தபித்தாள் தலை நிமிரவில்லை. "வேணும்னு எடுக்கலக்கா. காலைல நீ அரைச்சப்போ மெய்மறந்து கேட்டுக்கினு இருந்துட்டேன்."

"போவட்டும் வுடு. நல்லா வருதா?"

"இடது கைல வருது. யாரோ நடந்து போறாப்ல."

"அப்ப சனிக்கெழம வந்து கேக்கறேன்" என்று சொல்லிவிட்டுக் கன்னியம்மா மிச்ச மிளகாயை அரைக்கப் போனாள். அன்று அவள் குழம்பில் காரம் கூடிப்போயிற்று, ஏனென்றால் விழுதின் பதத்தை அவள் கண்ணால் பார்க்கிறவள் இல்லை, காதால் பார்க்கிறவள்.

இதையெல்லாம் அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தவன் தபித்தாளின் புருஷன் எலியாசர். தங்கச் சுரங்கத்தில் அவன் மரம் நிறுத்துகிறவன். தங்கம் வெட்டியெடுத்த பொந்துகளில் மேற்பாறை இறங்கிவிடாதபடி கட்டைகளை முட்டுக்கொடுத்து நிறுத்துவது அவன் வேலை. பூமிக்கடியில் ஒரு மைல் ஆழத்தில் ஒரு ஷிப்டு முழுக்க நின்றுவிட்டு மேலே வருகிறவனுக்கு ஆச்சரியப்படுகிற சக்தி அதிகம் மிஞ்சாது என்றாலும், மனைவியின் கைகளைப் பார்க்கும்போது மட்டும் அவன் நெஞ்சுக்குள், ஆட்களைச் சுரங்கத்தில் இறக்கும் கூண்டு இறங்குவதுபோல், விர்ரென்று ஒன்று இறங்கும். சின்னக் கைகள், சாம்பலும் சவுக்காரமும் பட்டு வெடித்த கைகள். அவற்றுக்குள் ஒரு ஊர் குடியிருந்தது.

அது தொடங்கியது அவள் சின்னப் பெண்ணாக இருந்தபோது. சபைக் கோவிலில் ஆர்மோனியம் வாசித்துக்கொண்டிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, தாமதமாக வந்த யாரோ கதவைத் திறக்க, அது வழக்கமாகப் போடும் நீண்ட கிரீச்சை அவள் தலையைச் சாய்த்துக் கேட்டாள், அடுத்த வாரம் கதவு ஊமையாகிவிட்டது, பாமாலையின் நடுவில் ஆர்மோனியத்திலிருந்து அதே கிரீச்சு, ஆனால் மன்னிப்புக் கேட்கிற மாதிரி அத்தனை பணிவாக, எழும்பி வந்தது, பாதிரி ஐயர் உட்கார மறந்துபோய் நின்றுகொண்டே இருந்தார். கோவிலைக் கூட்டித் திறந்து பூட்டுகிற குட்டியார், கதவுக்கு இத்தனை வருஷம் எண்ணெய் போட்டது வீண் என்று சொன்னதோடு சரி. அதற்கப்புறம் ஒன்றன்பின் ஒன்றாக, கேட்டு மயங்கியதெல்லாம் அவள் விரலுக்கு வந்து சேர்ந்தது, வந்து சேர்ந்ததெல்லாம் இருந்த இடத்திலிருந்து போயிற்று.

கோவில் ஜன்னல் வழியாக அதைக் கேட்டவர் ஆர்தர் ஃபெரிஸ். ஆங்கிலோ இந்தியர், மின்சாரப் பிரிவில் போர்மேன், ஆபீசர் கிளப்பின் பேண்டில் டிரம்பெட் ஊதுகிறவர், அவருடைய பியானோக்காரர் குடும்பத்தோடு ஆஸ்திரேலியாவுக்குக் கப்பலேறிப் போய்விட்டிருந்தார். ஃபெரிஸ் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு லைன் வீட்டு வாசலில் நின்றார்.

"எலியா மேன், உன் ஒய்ஃப் எங்க பேண்ட்ல வாசிக்கணும்."

"கிளப்லயா தொரை? அங்க எங்காளுங்க தொடப்பத்தோட தானே உள்ள வருவாங்க?"

"நானும் அங்க பாதி வாசல்ல நிக்கற ஆள்தான் மேன். மியூசிக் ஸ்டார்ட் ஆச்சுன்னா எவனும் வாசலப் பாக்க மாட்டான்."

அப்படித்தான் தபித்தாள் ஜாஸுக்கு வந்தாள். ஜாஸ் என்றால் என்ன என்று அவள் கேட்டபோது ஃபெரிஸ் யோசித்துவிட்டு, "எல்லாருக்கும் தெரிஞ்ச பாட்ட யாருக்கும் தெரியாத ரோட்ல கூட்டிட்டுப் போய் கரெக்டா வீட்ல வுடணும், அவ்ளோதான்" என்றார். கருத்த அமெரிக்கப் பியானோக்காரர்கள் வாசித்த இசைத்தட்டுகளைக் கொண்டுவந்து போட்டுக் காட்டினார், அவர்களுடைய இடது கை நடப்பதையும் வலது கை அதோடு சண்டை போட்டுக்கொண்டே கூடப் போவதையும் தபித்தாள் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். மறுநாள் ஃபெரிஸ் வீட்டில் முள் இறங்கியது, தட்டு சுற்றியது, சத்தம் இல்லை.

"மை காட், என் ரெகார்டெல்லாம் தின்னுட்டா மேன்!" என்று அவர் எலியாசரிடம் வந்து புலம்பினார். அந்த வாரம் கிளப்பில் அவள் வாசித்ததைக் கேட்டபிறகு புலம்பலை நிறுத்தினார். ஒரே ஒரு தட்டை மட்டும், செத்துப்போன அவர் அம்மாவுக்குப் பிடித்தது என்பதால், அரிசி டின்னுக்குள் ஒளித்து வைத்துக்கொண்டார்.

ஊர் இதற்குப் பழகிய விதம் இப்படி. ஷிப்டுச் சங்கு ஒரு நாள் ஊதாமல் போயிற்று. இன்ஜினியர்கள் அதைப் பிரித்துப் போட்டு, குற்றம் ஒன்றும் இல்லை என்று மறுபடி மாட்டினார்கள், நீராவி பீறிட்டது, சத்தம் வரவில்லை. ஆட்கள் வாசலில் நின்று அந்த ஆவியைப் பார்த்து வேலைக்குப் புறப்படக் கற்றுக்கொண்டார்கள். சங்கை யாரும் தேடவில்லை, சனிக்கிழமை மாலை கிளப் வேலிக்கு வெளியே குந்தி உட்கார்ந்தால் பியானோவின் அடிக்கட்டைகளிலிருந்து அது எழுந்து வரும், இத்தனை காலம் தங்களைத் துரத்திய ஒன்று இப்போது தங்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதுபோல் இருக்கும், "த பார், நம்ம சங்கு" என்று ஒருவருக்கொருவர் தொடையைத் தட்டிச் சொல்லிக்கொள்வார்கள். உள்ளே ஆடிக்கொண்டிருந்த துரைமார்களுக்கு அதெல்லாம் தெரியாது, ஆனால் அந்த இடம் வந்ததும் ஏனோ அவர்கள் கால் தடுமாறும்.

பிறகு கொடுக்க விரும்புகிறவர்கள் வந்தார்கள். ஒருத்தி புருஷனின் குறட்டையைக் கொண்டுவந்தாள், அதாவது பட்டப்பகலில் அவனுக்குக் கள்ளை ஊற்றித் தபித்தாளின் வாசலில் படுக்கவைத்தாள். மாமியாரின் ஏச்சைப் பிடித்துக்கொடுக்க ஒரு மருமகன், அவளை வேண்டுமென்றே இந்தத் தெரு வழியாக அழைத்துவந்து வம்பிழுத்தான், அதற்கப்புறம் அந்த அம்மாள் கையை ஆட்டி ஆட்டி வாயை அசைத்துக் காற்றைத் திட்டிக்கொண்டிருந்தாள், குடும்பம் நிம்மதியாகச் சோறு தின்றது. அந்த ஏச்சு தபித்தாளின் வலது கையில் ஏறி, அப்படி ஒரு துள்ளலாக வந்தது, கிளப்பில் அதற்கென்று ஒரு ஆட்டமே உருவாயிற்று.

திருப்பிக் கொடுக்க முடியுமா என்பதும் ஒரு வெள்ளாட்டால் தெரியவந்தது. கழுத்துமணியின் ஓசையைப் பறிகொடுத்த அந்த ஆடு வேலியைத் தாண்டி, கிளப்பின் ரோஜாச் செடிகளைத் தின்றுகொண்டு ஜன்னலருகே வந்த நேரத்தில், தபித்தாள் உள்ளே அதே மணியோசையை வாசித்துக்கொண்டிருந்தாள். சட்டென்று ஆட்டின் கழுத்தில் மணி கிணுகிணுத்தது, பியானோவின் கட்டை வெறும் மரமாகத் தட்டியது. எடுத்த பொருளின் காதருகே வாசித்தால் சத்தம் அதனிடமே போய்விடும், பிறகு அவளுக்கு வராது என்று ஊர் புரிந்துகொண்டது. கன்னியம்மாவிடம் அம்மியைத் தூக்கிக்கொண்டு வரச் சொன்னபோது, "அந்தக் கருங்கல்ல எவ தூக்குவா, அது அங்கியே நல்லாத்தான் கீது" என்று மறுத்துவிட்டாள்.

வீட்டுக்குள் இருந்த அமைதியைப் பற்றித்தான் ஊரில் யாரும் பேசவில்லை. எலியாசருக்கு நல்ல குரல், கல்யாணத்துக்கு முன் சபையில் அவன் பாடினால் பெண்கள் பாட்டுப் புத்தகத்தைக் கீழே வைப்பார்கள். கல்யாணத்துக்குப் பிறகு அவன் பாடவில்லை. தபித்தாளிடம் ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் குழாயில் தண்ணீர் கொட்டும்போது சொல்வான், ஸ்டவ் இரையும்போது சொல்வான், வாயில் சோற்றை வைத்துக்கொண்டு சொல்வான், எங்கே அழகாகச் சொல்லிவிடப்போகிறோமோ என்ற பயம். அவளும் வீட்டுக்குள் காதில் பஞ்சு வைத்துக்கொண்டிருப்பாள்.

"அந்தப் பஞ்ச எடுத்துட்டுக் கொஞ்சம் கேளேன்" என்றான் ஒருமுறை.

"வேணாங்க. நீங்க சொல்றது எனக்குப் புடிச்சிடும்."

அதைவிட அன்பாக யாரும் அவனிடம் பேசியதில்லை. ஆனாலும் அந்த வீட்டில் பஞ்சுக்கு அந்தப் பக்கமாகவே அவன் வாழ்ந்துகொண்டிருந்தான்.

பேண்டு பெங்களூருக்குப் போனது. பெரிய ஓட்டலில், கண்ணாடி விளக்குகளின் கீழ், பருத்திப் புடவை கட்டிய ஒரு சுரங்கக்காரன் மனைவி மேடையேறி உட்கார்ந்ததைப் பார்த்துச் சிரிக்க ஆரம்பித்தவர்கள் சிரிப்பை முடிக்கவில்லை. பத்திரிகைக்காரர் ஒருவர் வந்து யாரிடம் கற்றுக்கொண்டீர்கள், யாருடைய பாதிப்பு உங்கள் இசையில் அதிகம் என்று கேட்டார். "கன்னியம்மாக்கா அம்மி. ஷிப்டுச் சங்கு. கோவில் கதவு. அப்புறம் அமெரிக்காவுல பேர் தெரியாத ஒரு அண்ணனோட இடது கை" என்று அவள் வரிசையாகச் சொன்னாள். இந்தப் பெண்மணி நகைச்சுவை உணர்வு மிக்கவர் என்று அவர் எழுதினார்.

பிறகு பம்பாயிலிருந்து அழைப்பு வந்தது. வெளிநாடு போகும் கப்பலில் பேண்டு, அங்கே துறைமுகத்துக்குத் துறைமுகம் மேடை, கடைசியில் அந்த இசைத்தட்டுகள் பிறந்த ஊர். ஃபெரிஸ் நடுரோட்டில் எலியாசரைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதார். கப்பலில் எலியாசருக்கும் இடம் உண்டு என்றார்கள். தபித்தாள் மட்டும் கிளப் பியானோவின் முன் உட்கார்ந்து, ஒரே இடத்தை மறுபடி மறுபடி வாசித்து நிறுத்தினாள்.

"இன்னா தபித்தா?"

"எல்லாம் கீதுங்க. சுவரு கீது, கூரை கீது. தரை இல்ல. இடது கை கால வைக்கறப்போ கீழ ஒண்ணும் இல்லாம தொங்குது."

எலியாசருக்குத் தரை தெரியும். தரைக்குக் கீழே இருப்பதும் தெரியும்.

சுரங்கத்தில் எந்த இடத்தில் கால் வைத்தாலும் முதலில் கடப்பாரையால் மேற்பாறையைத் தட்டிப் பார்ப்பார்கள். நல்ல பாறை கிண்ணென்று பதில் சொல்லும். கெட்ட பாறை, உள்ளுக்குள் விரிசல் விட்டது, தொப்பென்று பூசணிக்காயைத் தட்டினாற்போல் சொல்லும், அதைக் கேட்டதும் பேச்சில்லாமல் ஆட்கள் பின்வாங்குவார்கள். இந்த ஒரு காதை நம்பித்தான் அத்தனை ஆயிரம் பேர் காலையில் இறங்கி மாலையில் ஏறினார்கள். அந்தச் சத்தத்தைவிட ஆழமான ஒன்றை எலியாசர் தன் வாழ்நாளில் கேட்டதில்லை. அவன் யோசித்தான். கன்னியம்மாவின் அம்மி போயிற்றே தவிர அடுத்த வீட்டு அம்மி போகவில்லை. ஒரு ஆட்டின் மணி போயிற்றே தவிர மந்தையின் மணிகள் போகவில்லை. ஆகவே ஆள் நடமாட்டமில்லாத, தங்கம் தீர்ந்து கைவிட்ட ஒரு பொந்தின் சத்தத்தை மட்டும் கொடுத்தால் யாருக்கு என்ன நஷ்டம்?

மேலிருந்து கீழ்வரை காற்றைக் கொண்டுபோகும் இரும்புக் குழாய் ஒன்று, கூண்டு போய்வரும் கிணறான ஷாப்டின் ஓரமாக இறங்குகிறது. ஒரு சனிக்கிழமைப் பிற்பகலில், ஷிப்டு முடிந்து ஆட்கள் ஏறியபிறகு, தபித்தாள் மேலே அதன் மேல் காதை வைத்துக்கொண்டு நின்றாள், மைல் ஆழத்தில், கைவிட்ட பொந்தில், குழாயின் மறுமுனையருகே எலியாசர் கடப்பாரையைத் தூக்கி மேற்பாறையைத் தட்டினான். ஒரு தட்டுக்கு நல்ல பாறை பதில் சொன்னது, ஒரு தட்டுக்குக் கெட்ட பாறை பதில் சொன்னது. அடுத்த தட்டுக்குக் கடப்பாரை பஞ்சு மூட்டையில் பட்டதுபோல் அவன் கைக்கே திரும்பி வந்தது. அவனுக்குச் சந்தோஷமாக இருந்தது. மனைவிக்கு நகை வாங்கிப் போட்டவன்போல் கூண்டில் ஏறி மேலே வந்தான்.

மறுநாள் இரவு பெங்களூரில் அவள் வாசித்ததைக் கேட்டவர்கள் அதைப் பற்றிச் சரியாகச் சொல்ல முடியாமல் கடைசிவரை திணறினார்கள். இடது கை முதல் அடி வைத்ததும் மேடைக்கு அடியிலிருந்து, அந்தக் கட்டடத்துக்கு அடியிலிருந்து, எந்தக் கட்டடத்துக்கும் முந்திய ஒன்று விழித்துக்கொண்டது என்றார்கள், மேஜைகளில் பூச்சாடிகள் தாமாக ஓரத்துக்கு நகர்ந்தன என்றார்கள், ஆடிக்கொண்டிருந்தவர்கள் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு அசையாமல் நின்றார்கள், தாங்கள் நிற்கிற இந்தத் தரை எத்தனை பெரிய பொறுமையின் மேல் போட்டிருக்கிறது என்று அப்போதுதான் தெரிந்தவர்கள்போல. பின்வரிசையில் நின்ற எலியாசர் தொப்பியை மார்போடு அழுத்திக்கொண்டான். கடவுள் உலகத்தைச் செய்தபோது இப்படித்தான் கேட்டிருக்கும் என்று நினைத்தான், நினைத்ததற்குப் பயந்துபோனான்.

திங்கட்கிழமை அவன் சுரங்கத்தில் இறங்கினான். எல்லாத் தளங்களிலும், எல்லாப் பொந்துகளிலும், கடப்பாரைகள் தட்டிக்கொண்டே இருந்தன, பாறை எங்கேயும் பதில் சொல்லவில்லை. நல்லதும் இல்லை, கெட்டதும் இல்லை. எலியாசர் கட்டையைத் தோளில் வைத்தபடி நின்றுவிட்டான். அம்மிகள் பல உண்டு, மணிகள் பல உண்டு. பாறை அப்படி இல்லை. தங்கவயலுக்கு அடியில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை அது ஒரே உடம்பு, இடுப்பில் தட்டினாலும் தோளில் தட்டினாலும் பேசியது ஒரே வாய்.

அன்று பிற்பகல் முனிரத்தினத்தின் மேல், எந்த எச்சரிக்கையும் இல்லாமல், சத்தம்கூட இல்லாமல், ஒரு பலகைப்பாறை வந்து உட்கார்ந்தது. அவன் எலியாசரின் ஜோடி, கூடவே வேலைக்குச் சேர்ந்தவன், ஊரிலேயே வாய் நீண்டவன். உயிர் தப்பிற்று, இடது கால் முழங்காலுக்குக் கீழே போயிற்று. ஆஸ்பத்திரிக் கட்டிலைச் சுற்றி ஷிப்டு ஆட்கள் நின்றார்கள்.

"எங்க பாறைய வாங்கிக் குடுடா எலியா" என்றான் முனிரத்தினம். "நாங்க தட்டறோம், அது மூஞ்சத் திருப்பிக்கினு கீது, கோச்சிக்கின பொண்டாட்டியாட்டம்."

யாரோ சிரிக்க முயன்றார்கள். "நாளைக்கும் எறங்கித்தான் ஆவணும்" என்றார் ஒரு மேஸ்திரி, எலியாசரின் முகத்தைப் பார்க்காமல். "தங்கச்சி நல்லா வாசிக்குது. வாசிக்க வேணாம்னு யாரும் சொல்லல."

திட்டியிருந்தால் எலியாசருக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

வீட்டில் தபித்தாள் இரும்புப் பெட்டியில் புடவைகளை மடித்து வைத்துக்கொண்டிருந்தாள். அவன் அவள் காதிலிருந்த பஞ்சைத் தன் கையாலேயே எடுத்தான். அழகில்லாமல் வர வேண்டும் என்று தொண்டையைக் கரகரப்பாக்கிக்கொண்டு சொன்னான். "பாறை பேசல தபித்தா. முனிரத்தினத்துக்குக் கால் போச்சி. நீ கேக்கல, நானாத்தான் கொண்டாந்து குடுத்தேன்."

"தெரியுங்க." அவள் தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "வாசிக்கறப்போ கட்டைக்கு அடில யாரோ தட்டறாங்க. பதில் சொல்லு, பதில் சொல்லுன்னு தட்டறாங்க. பெங்களூர்ல கைதட்டுனாங்களே, அதுக்கு மேல கேட்டுச்சி."

"திருப்பிக் குடுக்கலாம்."

"குடுக்கணும்னா கீழ போயி வாசிக்கணும். குடுத்தா அது மட்டும் போவாது. அம்மி அதுலேர்ந்து வெட்டுன கல்லு. சங்கு அதுமேல நிக்குது. கோவிலு, கொறட்ட வுடற ஆளு, ஏசற அந்த மாமியாரம்மா, எல்லாம் அதும்மேலதானே. ஃபெரிஸ் தொரை ரெகார்டு பெட்டிகூட." பிறகு, எலியாசர் சாகும்வரை மறக்காத ஒரு கேள்வியைக் கேட்டாள். "எல்லாம் கேட்டு எடுத்ததுதானேங்க. எடுத்ததெல்லாம் குடுத்துட்டா, உள்ள எனக்குன்னு எதுனா மிச்சம் இருக்குமா?"

அவன் பஞ்சை அவள் கையில் திருப்பி வைத்தான். அவள் பெட்டியிலிருந்த புடவைகளில் ஒன்றை எடுத்து, உதறி, கட்டிக்கொள்ளத் தொடங்கினாள்.

பெண்கள் சுரங்கத்துக்குள் வேலை செய்யக் கூடாது என்று சட்டம் இருந்தது. மானேஜர் அதை எடுத்துச் சொன்னபோது ஃபெரிஸ், "வாசிக்கறது வேலையா சார்? இத்தனை வருஷமா எங்கள வேலை செய்யற ஆளுங்கன்னு கிளப்ல யாரும் சொன்னதில்லையே" என்றார். மானேஜர் ஜன்னல் வழியாகப் பார்த்தார். கடப்பாரைகளோடு மொத்த ஷிப்டும் வெளியே நின்றது. அவர் மதியச் சாப்பாட்டுக்குப் போய்விட்டார்.

கிளப்பிலிருந்து பியானோவைத் தோளில் சுமந்துகொண்டு வந்தார்கள், சாமியைச் சுமந்துவருவதுபோல, வழியில் பெண்கள் வாசலில் தண்ணீர் தெளித்தார்கள். எலியாசர் அதைக் கூண்டுக்குள் நிற்கவைத்து, தன் மரங்களுக்குக் கட்டுகிற கயிற்றால், மரங்களுக்குக் கட்டுவதைவிடப் பதமாகக் கட்டினான். ஷாப்ட் வாயில் மணியடிக்கிறவர் கயிற்றைப் பிடித்தபடி தயங்கினார். சரக்கு இறங்கினால் ஒரு விதமாக அடிக்க வேண்டும், ஆள் இறங்கினால் ஒரு விதமாக, ஆளென்றால் இன்ஜின் மெதுவாக இறக்கும்.

"இது எதுல சேர்த்தி எலியா?"

எலியாசர் வாயைத் திறப்பதற்குள் அவரே ஆளுக்கான மணியை அடித்தார்.

இருட்டுக்குள் அது இறங்கிற்று. பியானோக் கம்பிகள் காற்றில் தாமாக முனகின, பாறைச் சுவர்கள் ஈரமாக மேலே மேலே போயின, தபித்தாள் ஒரு கையால் கூண்டுக் கம்பியையும் ஒரு கையால் பியானோவின் முதுகையும் பிடித்துக்கொண்டு நின்றாள். கீழே அடுப்படிபோல் சூடு. மரம் வியர்த்தது. ஒவ்வொரு தளத்திலிருந்தும் ஆட்கள் வந்து, தொப்பி விளக்குகளோடு, கண்ணுக்கெட்டியவரை அந்தச் சுரங்கப் பாதையில் உட்கார்ந்தார்கள், நட்சத்திரங்களைக் கொண்டுவந்து பூமிக்குள் கொட்டி வைத்ததுபோல் இருந்தது. தபித்தாள் காதிலிருந்த பஞ்சை எடுத்து எலியாசரின் கையில் கொடுத்தாள்.

அவள் வாசித்தாள். முதலில் கோவில் கதவு திறந்தது, மேலே, ஆளில்லாத கோவிலில், கதவு கிரீச்சிட்டது. அம்மி நடந்தது, மேலே கன்னியம்மாவின் கைக்குள் கல் கரகரக்க, அவள் குழவியை விட்டுவிட்டு மாரில் கைவைத்துக்கொண்டாள். சங்கு எழுந்தது, நேரமல்லாத நேரத்தில் ஊரெங்கும் ஊதியது. வாயசைத்துக்கொண்டிருந்த மாமியாருக்கு வார்த்தை பாதியிலிருந்து தொடங்கியது, மருமகன் தட்டோடு எழுந்து ஓடினான். ஃபெரிஸின் வீட்டில் சுற்றிக்கொண்டிருந்த தட்டில் பெயர் தெரியாத அண்ணனின் இடது கை நடக்கத் தொடங்கியது. ஒவ்வொன்றும் அவள் விரலைவிட்டுப் போகும்போது அந்தக் கட்டை வெறும் மரமாயிற்று, வெறும் மரமான கட்டைகளைத் தாண்டித் தாண்டி அவள் கை கீழே இறங்கிற்று. எலியாசருக்கு எழுந்து போய் அந்தக் கையைப் பிடித்துவிடலாம் என்றிருந்தது. முனிரத்தினத்தின் காலை நினைத்துக்கொண்டு பஞ்சை இறுக்கிப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தான். கடைசியில் பாறை வந்தது. அது வந்தபோது விளக்குகள் நடுங்கின, ஒரு மைல் கனமும் அவர்களுடைய தலைக்கு மேல் ஒருமுறை மூச்சை இழுத்து விட்டது. அதற்கும் பின்னால், எல்லாம் போய் ஒரு கட்டைகூட மிச்சமில்லை என்ற இடத்தில், அவள் இரண்டு கைகளையும் விரித்து வைத்து ஒன்றை வாசித்தாள். அது பத்து விரலும் ஒன்றாக விழுந்த ஒரே ஒரு அமுக்கல்தான். அது இன்னதென்று யார் காதிலும் நிற்பதற்குள் சூட்டில் தளர்ந்த கம்பிகள் அறுந்தன.

பிறகு மேஸ்திரி எழுந்து கடப்பாரையால் மேலே தட்டினார்.

கிண் என்றது.

சூட்டில் ஊதிப்போன பியானோ திரும்பக் கூண்டுக்குள் நுழையவில்லை. அதை அங்கேயே ஒரு பொந்தில் விட்டு, எலியாசர் அதன் மேல் பாறை இறங்காதபடி கட்டைகளை நிறுத்தினான். ஃபெரிஸ் மட்டும் பம்பாய் வரை போய்விட்டு, கப்பலைப் பார்த்துவிட்டு, திரும்பி வந்தார். தபித்தாள் கோவிலில் பாமாலைகளை அச்சில் உள்ளபடி வாசித்தாள், நன்றாகத்தான் இருந்தது, யாரும் உட்கார மறக்கவில்லை. காதில் பஞ்சு வைப்பதை விட்டுவிட்டாள். ஆனாலும் எலியாசர் பழக்கத்தால் குழாய் இரையும்போதே பேசினான்.

மழைக்காலத்தில் ஒரு நாள் அவன் கீழே ஒரு பொந்தில் மேற்பாறையைத் தட்டியபோது, தொப்பென்று கெட்ட பாறை சொல்ல வேண்டிய இடத்தில், அது வேறொன்றைச் சொன்னது. பல சுரங்கள் ஒன்றாகச் சேர்ந்து, தாழ்வாக, நீளமாக, அவன் தோளைத் தொட்டு நகர்த்துவதுபோல ஒன்று. ஆட்கள் பின்வாங்கினார்கள், பாறை இறங்கிற்று, ஒருவருக்கும் ஒன்றும் இல்லை. அன்றிலிருந்து எல்லாத் தளங்களிலும் கெட்ட பாறை அப்படித்தான் பேசிற்று. அது யாருடைய சத்தம் என்று ஊரில் விசாரித்தார்கள். கேட்டவர்கள் மேலே வந்து வாயால் முனகிக் காட்ட, கன்னியம்மா என் அம்மி இல்லை என்றாள், சங்கு இல்லை, கதவு இல்லை, ஃபெரிஸ் அரிசி டின்னிலிருந்து கடைசித் தட்டையும் எடுத்துப் போட்டுப் பார்த்து இதிலும் இல்லை என்றார். மரக்காலோடு திண்டாடி நடந்துவந்த முனிரத்தினம், "நம்ம ஊர்ல பொறந்த சத்தமே இல்லடா இது" என்றான்.

அன்று மாலை எலியாசர் வீட்டுக்கு வந்தான். குழாயை நிறுத்தினான். ஸ்டவ்வை அணைத்தான். தபித்தாளை உட்காரவைத்து, எதிரே உட்கார்ந்தான். ஒரு தொண்டையால் அத்தனை சுரத்தையும் ஒன்றாகப் பாட முடியாது என்பதால், அடியில் இருந்ததை முதலில், அதன் மேலிருந்ததை அடுத்து, ஒவ்வொன்றாக, தன்னிடம் இருந்த அழகெல்லாம் சேர்த்துப் பாடினான். அவள் தலையைச் சாய்த்துக் கேட்டாள், கண்ணை மூடிக்கொண்டு, முன்பெல்லாம் கேட்பதைப்போலவே.

"இது யாருதுங்க?" என்றாள்.

வாயைத் திறந்தால் குரல் வராமல் போக வேண்டும், அது அவள் கைக்குள் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும் என்று வாழ்க்கையில் முதல்முறையாக வேண்டிக்கொண்டான். அவள் மடியில் கிடந்த இடது கையைப் பார்த்தபடி காத்திருந்துவிட்டு, மெல்ல வாயைத் திறந்தான்.

"ஊர்ல எல்லாரையும் கேட்டாச்சி" என்றான். குரல் வந்தது, தெளிவாக, முழுசாக வந்தது. "யாருதும் இல்லியாம். உன்னுது."